மின்கம்பியோரத்து மரங்கள்: திருகோணமலை அனுபவப் பகிர்வு

நிலாவெளியான்:

மாரிக்கு முன்னரே பேசிவிட வேண்டிய விடயம் என்பதால் எங்கள் ஒழுங்கையில் நடந்ததை இங்கே பதிகிறேன். எங்கள் வேலியோரத்து வேம்பை ஒட்டித் தாழ் அழுத்தக் கம்பிகள் செல்கின்றன. ஆண்டுதோறும் கம்பியோரக் கிளைகளை வெட்ட வருபவர்கள் மரத்தின் தலையை மட்டும் சீவிவிட்டுப் போவார்கள். அன்றைக்குக் கம்பியோரம் வெளித்துத் தெரியும். ஆனால் தறித்த இடத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர்ப்பவை தாய்க்கிளையோடு உறுதியாகப் பொருந்தாமலே நெடுநெடுவென்று வளர்ந்து, வாடைக்காற்று வீசத் தொடங்கும் வேளையில் மறுபடியும் கம்பியில் உரசிக்கொண்டு நிற்கும். தறிக்காமல் விட்டிருந்தால்கூட இவ்வளவு விரைவாகக் கம்பியை எட்டியிருக்காது என்பது என் எண்ணம்.

சென்ற ஆவணியில் வந்த குழுவின் மேற்பார்வையாளர் மின்னை நிறுத்திவிட்டு வேறு விதமாகச் செய்வித்தார். கம்பிப் பக்கம் சாய்ந்திருந்த கிளையை நடுவில் தறிக்காமல், அது பிரியும் கவடு வரை போய், முதலில் அடிப்பக்கத்தில் ஒரு சிறு வெட்டும், அதற்குச் சற்று அப்பால் மேலிருந்து ஒரு வெட்டும் போட்டுப் பாரத்தை இறக்கிய பின்னர், எஞ்சிய கட்டையை, கிளை மரத்தோடு சேருமிடத்தில் உள்ள புடைப்புக்குச் சேதம் வராமல் அறுத்தெடுத்தார்கள். அடிவெட்டு இல்லாவிட்டால் கிளை முறியும்போது பட்டையும் சேர்ந்து உரிந்து அடிமரம் வரை கிழிந்துவிடும் என்று அவர் விளக்கினார். மரம் இப்போது ஒரு பக்கம் கோணலாகத்தான் நிற்கிறது, அம்மாவுக்கு அது பிடிக்கவேயில்லை. ஆயினும் புதுத் துளிர்கள் கம்பியை விட்டு வளவுப் பக்கமாகவே போகின்றன.

கிண்ணியா வாசகி:

எங்கள் பக்கத்தில் வேம்பைவிடத் தென்னையே பெருந்தொல்லை. தென்னைக்குக் குருத்து ஒன்றுதான். அதை வெட்டினால் மரம் பட்டுப்போகும். ஆகவே மட்டைகளை முன்கூட்டியே இறக்க வேண்டும், முடியாவிட்டால் மரத்தையே எடுக்க வேண்டும். புரெவிப் புயல் 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தபோது, எங்கள் வளவுக்கு எதிரே பச்சை மட்டையொன்று இரண்டு கம்பிகளுக்குக் குறுக்கே விழுந்து, பொறி பறந்து, ஒரு கம்பி அறுந்து மணலில் கிடந்தது. வீடுகள் இருண்டுவிட்டதால் கம்பியில் மின் இல்லை என்று அயலவர் ஒருவர் தடியால் ஒதுக்கப் போனார். வாப்பா உரத்துச் சத்தமிட்டு அவரைத் தடுத்து, ஊழியர்கள் வரும்வரை வாசலிலேயே காவலிருந்தார்.

பாலையூற்றிலிருந்து, ஓய்வுபெற்ற மின்பணியாளர்:

சகோதரியின் வாப்பா செய்தது மிகச் சரி. அறுந்த கம்பி மணலிலோ தார் வீதியிலோ விழும்போது நிலத்துக்குப் பாயும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருக்கக்கூடும்; அப்போது பாதுகாப்புக் கருவி அதைப் பழுதாக உணராமல் மின்னைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். பொறி பறக்கவில்லை, கம்பி அசையவில்லை என்பவை எதற்கும் சான்றாகா. குறைந்தது 10 மீற்றராவது தள்ளி நிற்க வேண்டும். அருகில் அகப்பட்டவர் எட்டி நடக்காமல், பாதங்களைச் சேர்த்து வைத்தபடி நிலத்தோடு நகர்த்தி விலக வேண்டும். ஏனெனில் விழுந்த இடத்தைச் சுற்றி நிலத்திலேயே இடத்துக்கிடம் மின்னழுத்த வேறுபாடு இருக்கும். மாங்காய் பறிக்கும் கொக்கத்தடியை உலோகக் குழாயில் செய்வதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். ஈர மூங்கிலையும் நம்ப முடியாது.

விளக்குகள் ஓரிரு தடவை போய்ப் போய் வந்து, பிறகு அடியோடு நின்றுவிடுவதைப் பலர் கண்டிருப்பீர்கள். 33,000 வோல்ற் கம்பியில் கிளை பட்டால், ரீகுளோசர் என்ற கருவி மின்னைத் துண்டித்து, கிளை விலகியிருக்கும் என்ற எதிர்பார்ப்பில் சற்றுப் பொறுத்து மீண்டும் கொடுத்துப் பார்க்கும். பழுது தொடர்ந்தால் முற்றாகப் பூட்டிக்கொள்ளும். அதன் பின்னர் ஆள் போய்க் கம்பி நெடுகிலும் தேடியே ஆக வேண்டும்.

இன்னொன்று. காலைக் குளிரில் கிளைக்கும் கம்பிக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பார்த்துவிட்டுப் போதும் என்று தீர்மானிக்கக் கூடாது. கச்சான் வீசும் வெயில் காலப் பிற்பகலில், மின்சுமையும் கூடும்போது, கம்பி சூடேறி நீண்டு தாழ்ந்துவிடும். அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் 2003 ஓகஸ்ட் 14 அன்று இவ்வாறு தாழ்ந்த பெரிய மின்கம்பிகள் கத்தரிக்கப்படாத மரங்களில் பட்டதும், அடுத்தடுத்த கோளாறுகளும் சேர்ந்து, ஏறத்தாழ 5 கோடி மக்களை இருளில் ஆழ்த்தின.

நகர்வாசி:

கோட்டைப் பக்கத்தில் எங்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. வெட்டிய தழைகளை உடனே ஏற்றாவிட்டால் நகரத்துப் புள்ளிமான்கள் மேய வந்துவிடுகின்றன. மரத்தின் மேல் ஆள் நிற்க, கீழே ஒருவர் மான்களை விரட்டிக்கொண்டிருந்ததை நானே கண்டேன்.

கம்பிக்கு நேர்கீழே வைப்பதென்றால் தேசி, கறிவேப்பிலை, செவ்வரத்தை போன்றவை போதும். எங்கள் பலாவைப் பொறுத்தவரை, அதை முற்றாக வெட்டப் பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும் என்பதால், கம்பிப் பக்கக் கிளைகளை மட்டும் நிலாவெளியான் கூறிய முறையில் கவட்டோடு எடுக்கும்படி எழுத்தில் விண்ணப்பித்திருக்கிறோம். ஐப்பசி மழைக்கு முன் குழு வரும் என்று சொல்லியிருக்கிறார்கள்.