கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஆலை: எந்த இடம், எத்தனை டன்?

கரும்பாறை:
வணக்கம். அசெப்டிக் (கிருமி நீக்கி, காற்றுப் புகாமல் அடைக்கும்) மாங்கூழ் ஆலை ஒன்று போடத் திட்டம். மணிக்கு 5 டன் பழம் அரைக்கும் லைனுக்கு எந்திரக்காரர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். 24 மணி நேரம், 100 நாள், ஆக 12,000 டன் ஓட்டலாம் என்பது அவர் கணக்கு. இடம் மூன்று பார்த்து வைத்திருக்கிறோம். காவேரிப்பட்டணம் அருகே தென்பெண்ணை ஓரமாக 4 ஏக்கர் நஞ்சை. பர்கூர் சிப்காட்டில் ஒரு மனை. காரிமங்கலத்திலிருந்து உள்ளே தள்ளி 6 ஏக்கர் புஞ்சை. விலை குறைவு, இரண்டு போர் இருக்கிறது, "ரெண்டரை இன்ச் தண்ணி" என்கிறார்கள். 12,000 டன் நடக்கிற காரியமா? எந்த இடம் சரி? மாங்காய் இல்லாத மாதங்களில் தக்காளி ஓட்டலாமா?

காய்மண்டி:
12,000 டன் காகிதத்தில் மட்டும்தான் ஓடும். கூழுக்குப் போகும் தோத்தாபுரி, அதாவது நம்மூர் பெங்களூரா, முழு வீச்சில் வருவது ஜூன், ஜூலையில். முன்னும் பின்னும் சேர்த்தாலும் 60 நாளுக்கு மேல் எழுதாதீர்கள். கூழைச் சூடாக்கிக் கிருமி கொல்லும் ஸ்டெரிலைசர் குழாயில் கூழ் படியும், நிறுத்திக் காஸ்டிக், ஆசிட் விட்டுக் கழுவியாக வேண்டும். அதனால் நாளுக்கு 16 மணி நேரம்தான் அரைவை. பழுது, காய் வராத நாள், கரண்ட் போன நேரம் எல்லாவற்றுக்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழியுங்கள். 5 × 16 × 60 × 0.8 = 3,840 டன் பழம். பெங்களூராவில் கூழ் 52 சதவீதம் என்று வைத்தால் சுமார் 2,000 டன். 215 கிலோ டிரம்மில் கிட்டத்தட்ட 9,300 டிரம்.

ஆலையின் உண்மையான அளவை அரைக்கும் எந்திரம் தீர்மானிப்பதில்லை, பழுக்க வைக்கும் கூடம்தான் தீர்மானிக்கிறது. காய் பச்சையாக வரும், பக்குவமாகக் கனிய 5 நாள் ஆகும். நாளுக்கு 80 டன் அரைக்க வேண்டுமென்றால் எந்த நேரமும் 400 டன் கனிந்துகொண்டிருக்க வேண்டும். 20 கிலோ கிரேட் 20,000. எட்டு அடுக்காக வைத்து, காற்றுக்கும் ஆள் நடக்கவும் வழி விட்டால் 13,000 சதுர அடி பிடிக்கும். பழுக்க வைக்க எத்திலீன் வாயு 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 100 பங்கு), 20 டிகிரி, 24 மணி நேரம். இடையிடையே கதவைத் திறந்து கரியமில வாயுவை வெளியேற்றுங்கள். அது தேங்கினால் மேல் கிரேட் மஞ்சளாகவும் அடி கிரேட் பச்சையாகவும் நிற்கும். அந்தப் பச்சை கலந்தால் கூழின் நிறம் வெளுக்கும், பிரிக்ஸ் (இனிப்பின் அளவு) இறங்கும், வாங்குபவர் லாட்டையே திருப்பி அனுப்புவார். கார்பைடு கல் சட்டப்படி தடை, அந்தப் பேச்சே வேண்டாம்.

அடுத்தது டிரம் வைக்கும் இடம். சீசனிலேயே பாதி ஏற்றுமதியாகிவிடும் என்று நம்பினாலும் மீதி 4,650 டிரம் மாதக்கணக்கில் உங்களிடம்தான் இருக்கும். பேலட்டுக்கு 4, இரண்டு அடுக்கு, ஃபோர்க்லிஃப்ட் திரும்ப வழி: 14,500 சதுர அடி. தரை சதுர மீட்டருக்கு ஒன்றரை டன்னாவது தாங்க வேண்டும். இருபதடி கண்டெய்னரில் 80 டிரம் போகும். நாளுக்கு 155 டிரம் வந்து அதில் பாதி உடனே போனாலும் தினம் ஒரு கண்டெய்னர் உள்ளே வந்து திரும்ப வேண்டும். உள்ளடங்கிய காட்டில் இதற்கான வளைவு இருக்கிறதா என்று வண்டி ஓட்டுபவரையே கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

இன்னொன்று. மா எல்லா வருஷமும் ஒரே அளவு காய்க்காது. காய் குறைந்த வருஷத்தில் உறுதியாக எவ்வளவு வாங்க முடியுமோ அதற்குத் தக்கபடி லைன் போடுங்கள். இரண்டாவது பல்ப்பருக்கு (கூழ் பிழியும் எந்திரம்) அஸ்திவாரத்தை மட்டும் விட்டு வையுங்கள். எல்லை தாண்டி வரும் காயை நம்பியும் கணக்குப் போட வேண்டாம். 2025 ஜூனில் ஆந்திராவின் சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளிமாநிலத் தோத்தாபுரி உள்ளே வரத் தடை போட்டது நினைவிருக்கும், அப்படி எந்த எல்லையிலும் நடக்கலாம்.

நீர்மட்டம்:
இடத்தைத் தண்ணீரை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு டன் பழத்துக்கு 2 முதல் 3 கிலோலிட்டர் என்று வையுங்கள். 80 டன்னுக்கு நாளொன்றுக்கு 200 கிலோலிட்டர், 20 மணி நேரத்தில் எடுத்தால் நிமிடத்துக்கு 167 லிட்டர். "ரெண்டரை இன்ச்" என்ற பேச்சை வைத்து ஊற்று எவ்வளவு தரும் என்று சொல்ல முடியாது. 200 லிட்டர் டிரம்மைக் குழாயடியில் வைத்துக் கைபேசியில் நேரம் பாருங்கள். 72 வினாடிக்குள் நிரம்ப வேண்டும். முதல் மணியில் நிரம்புவதில் ஒன்றும் இல்லை. இங்கே நிலத்தடியில் கரும்பாறை, வெடிப்பில் தேங்கிய நீர் முதலில் பாய்ந்து வரும். 48 மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டி, இரண்டு மணிக்கொரு முறை டிரம் நேரத்தையும் நீர்மட்டத்தையும் எழுதுங்கள். நிறுத்திய பின் 12 மணி நேரம் மட்டம் ஏறுவதையும் அளக்கணும். இரண்டு போரையும் சேர்த்தே ஓட்டுங்கள். ஒரே வெடிப்பில் குடிக்கும் போர்கள் தனித்தனியாக நன்றாகத் தெரியும், சேர்ந்தால் படுத்துவிடும்.

நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்துக்கும் தண்ணீரில் ஃபுளோரைடு பழைய வியாதி, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். குடிநீருக்கு உச்ச வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். சாம்பிளைப் பிளாஸ்டிக் பாட்டிலில் எடுங்கள். கண்ணாடியில் எடுத்தால் ஃபுளோரைடு அளவு பிசகும். வரம்பு தாண்டினால் ஆர்.ஓ. போட வேண்டும், அதில் வெளியேறும் உப்பு நீரையும் சேர்த்துத்தான் போரிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். நிலம் இருக்கும் பிர்கா அதிநுகர்வுப் பட்டியலில் (ஊறுவதைவிட அதிகம் எடுக்கப்படும் பகுதி) இருந்தால் நிலத்தடி நீர் எடுக்கத் தடையின்மைச் சான்று கிடைப்பதே கஷ்டம். இதை முதல் வாரத்திலேயே விசாரித்துவிடுங்கள்.

காவேரிப்பட்டணம் நிலம் வேண்டாம் என்பது என் கருத்து. நஞ்சையை மாற்ற கலெக்டர் இசைவு வேண்டும். தென்பெண்ணைக்கு அருகில் மாசு ஏற்படுத்தும் தொழில்களுக்குத் தூரக் கட்டுப்பாடு உண்டு. பழ ஆலை ஆரஞ்சு வகை (நடுத்தர மாசு) என்றாலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் எழுத்தில் பதில் வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணைக்குக் கீழே உள்ள ஊர், ஷட்டர் திறந்தால் தாழ்ந்த நிலம் முதலில் நனையும்.

சிப்காட் மனை 99 வருஷக் குத்தகை, விலை கூடத்தான். ஆனால் சாலை, மின்சாரம், நில வகை மாற்றம் மூன்றிலும் தலைவலி குறையும்.

நீராவி:
மேலே சொன்னவற்றோடு இரண்டு செலவு விட்டுப்போயிற்று. முதலாவது கரண்ட். எச்.டி. (உயர் அழுத்த) இணைப்பில் 400 கே.வி.ஏ. திறன் வாங்கினால், ஆலை உறங்கும் மாதங்களிலும் 90 சதவீதத்துக்கு, அதாவது 360 கே.வி.ஏ.வுக்கு டிமாண்ட் கட்டணம் (ஒதுக்கி வைத்த மின்திறனுக்கான கட்டணம்) வரும். எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பும் என்று கூட்டிப் பெரிதாக வாங்காதீர்கள். ஸ்டெரிலைசர், டிரம் நிரப்பும் ஃபில்லர் இரண்டையும் ஜெனரேட்டரிலும், கன்ட்ரோல் பேனலை யு.பி.எஸ்.ஸிலும் வையுங்கள். ஒரு நொடி வோல்டேஜ் விழுந்தாலே சூடு குறைந்து கூழ் நிரப்பப் போகாமல் திரும்பிவிடும், மறுபடி ஸ்டெரிலைஸ் செய்ய ஒரு மணி நேரம் போகும்.

இரண்டாவது கழிவு. 80 டன்னில் 38 டன் தோலும் கொட்டையும். அன்றைக்கே வெளியேறாவிட்டால் மறுநாள் ஈயும் புளித்த நீரும்தான், ஊர்க்காரர்கள் கேட்டுக்கு வந்துவிடுவார்கள். இ.டி.பி.யில் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) ஒரு நாள் நீர் தேங்கும் சமன் தொட்டி கட்டாயம் வேண்டும். கழுவிய காஸ்டிக்கும் ஆசிட்டும் நேராகப் போனால் நுண்ணுயிர் மொத்தமும் செத்துவிடும். சாணக் கரைசல் விட்டு நுண்ணுயிரை வளர்க்கும் வேலையை சீசனுக்கு 4 வாரம் முன்பே தொடங்குங்கள். பழம் வந்த அன்று தொடங்கினால் ஜூலை முடியும்வரை தண்ணீர் தெளியாது. நிலத்தில் பாய்ச்ச பி.ஓ.டி. (நீரிலுள்ள கரிமக் கழிவின் அளவுகோல்) லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்.

தக்காளி விஷயம். ராயக்கோட்டை, பாலக்கோடு சந்தைக்கு வருவது சமையல் தக்காளி, பிரிக்ஸ் சுமார் 4. 28 பிரிக்ஸ் பேஸ்ட் ஒரு டன்னுக்கு 7 டன் தக்காளி, அதில் 6 டன் நீரை ஆவியாக்க வேண்டும். எவாப்பரேட்டரும் பெரிய பாய்லரும் இல்லாமல் மாங்கூழ் லைனில் அது நடக்காது. கொய்யா, பப்பாளி சேரும். கொய்யாவுக்குச் சல்லடையை 0.5 மி.மீ.க்கு மாற்றுங்கள். பப்பாளியில் ஒரு எச்சரிக்கை: அதன் பி.எச். 5க்கு மேல். சிட்ரிக் ஆசிட் சேர்த்து 4.5க்குக் கீழே இறக்காமல் மாங்கூழுக்கு வைத்த அதே சூட்டில் டிரம்மில் அடைத்தால் உயிருக்கே ஆபத்தான கிருமி உள்ளே வளரும்.

கரும்பாறை:
மூவருக்கும் மிக்க நன்றி. காரிமங்கலம் நிலத்துக்காரர் ஐப்பசியில் கிரயம் முடிக்கச் சொல்கிறார். அதற்கு முன் போர் டெஸ்ட் எடுத்தால் போதுமா?

நீர்மட்டம்:
போதாது. ஐப்பசியில் மழை பெய்து ஊற்று மேலே நிற்கும். உங்களுக்கு 200 கிலோலிட்டர் தேவைப்படுவது ஜூனில், அப்போது போர் வருஷத்திலேயே அடிமட்டத்தில் இருக்கும். ஏப்ரல் கடைசி அல்லது மே முதல் வாரம் டெஸ்ட் வையுங்கள். அதுவரை அக்ரிமென்ட் மட்டும் போட்டு, "48 மணி நேர ஓட்டத்தின் முடிவில் இரண்டு போரும் சேர்ந்து நிமிடத்துக்கு 167 லிட்டர் தராவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்பத் தரப்படும்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பர்கூர் மனைக்கு விண்ணப்பம் போடுங்கள்.