பாலம் கட்டும் இடத்தில் சால்மன் வாழிடம்: "பாதிப்பு இல்லை" என்று எழுதலாமா?

கேள்வி (புதுவரவு):
அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ப்யூஜெட் சவுண்ட் கடற்பகுதியில் கலக்கும் ஓர் ஓடையின் மேலுள்ள பழைய பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் பணியில் இருக்கிறேன். மத்திய அரசின் நிதி பெறும் திட்டம் என்பதால், 1973ஆம் ஆண்டின் அழிநிலை உயிரினங்கள் சட்டப்படி உயிரியல் மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்க வேண்டியுள்ளது. ஓடைக்குள் செய்யும் வேலைகள் அனைத்தும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களிலேயே முடிந்துவிடும். முட்டையிட வரும் சினூக் சால்மன் அதற்குள் எங்கள் ஓடையை எட்டுவதில்லை. மீன் இல்லாத காலத்தில் நடக்கும் வேலைக்கு "பாதிப்பு இல்லை" என்று முடிவெழுதலாமா? ஆய்வுப் பரப்பைப் பாலத்தின் இருபுறமும் 100 அடி என வைத்திருக்கிறேன்.

பதில் (மீனியலாளர்):
எழுத இயலாது என்பதே என் கருத்து. தாங்கள் சொல்வது முட்டையிட வரும் பெரிய மீன்களைப் பற்றி மட்டுமே. சால்மனின் உறவான, 2007இல் அச்சுறுத்தல் பட்டியலில் சேர்க்கப்பட்ட ஸ்டீல்ஹெட் மீனின் குஞ்சுகள் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள் நன்னீரிலேயே வளர்கின்றன. கோடையில் ஓடையின் ஒரு பகுதியை அடைத்து நீரை வெளியேற்றினால், அவற்றைப் பிடித்து அப்புறப்படுத்தியே ஆக வேண்டும். அப்படிப் பிடிப்பதே சட்டத்தின் பார்வையில் தீங்குதான் என்பதால், முடிவு "தீங்கு நேர வாய்ப்புண்டு" என்ற நிலைக்குப் போய்விடும். அதன்பின் மத்திய மீன்வளத் துறையுடன் நடக்கும் முறையான கலந்தாய்வுக்கு 135 நாட்கள் என்பதைக் கால அட்டவணையில் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுப் பரப்பு வேலை நடக்கும் இடத்தோடு நிற்பதில்லை. கலங்கலும் ஒலியும் எதுவரை போகின்றனவோ அதுவரை நீளும். எஃகு பைல்களை (நிலத்துக்குள் இறக்கும் அடித்தளத் தூண்களை) கரையிலேயே அடித்தாலும் ஒலி மண் வழியாக நீருக்குள் போகும். உச்ச ஒலி 206 டெசிபெல், நாள் முழுவதும் சேரும் ஒலியாற்றல் 2 கிராமும் அதற்கு மேலும் எடையுள்ள மீனுக்கு 187, அதற்குக் குறைந்த குஞ்சுக்கு 183 என்பவை மீனுக்குக் காயம் நேருமா என்று பார்க்க இங்கே பயன்படும் வரம்புகள். அடிக்கும் சுத்தியலுக்குப் பதிலாக அதிர்வுச் சுத்தியலை எங்கெல்லாம் பயன்படுத்த முடியும் என்று முதலில் பாருங்கள்; ஒலியைக் குறைக்க பைலைச் சுற்றி விடும் காற்றுக்குமிழித் திரை ஓடும் நீரில் உறையிடாமல் சரியாக நிற்காது.

பதில் (மழைநீர் வடிவமைப்பாளர்):
மேலே சொன்னவை எல்லாம் கட்டும் காலத்துக்கானவை. எனக்குக் கவலை தருவது, பாலம் திறந்தபின் ஆண்டாண்டாகப் பெய்யும் மழை. டயர் தேய்மானத்திலிருந்து வரும் 6பிபிடி-குவினோன் என்ற வேதிப்பொருளே நகர ஓடைகளில் கோஹோ சால்மன் முட்டையிடும் முன் இறப்பதற்குக் காரணம் என 2020இல் கண்டறியப்பட்டது. விநோதம் என்னவென்றால், ப்யூஜெட் சவுண்ட் கோஹோ அழிநிலைச் சட்டப் பட்டியலில் இல்லை. ஆகவே அந்த ஒரு சட்டத்தை மட்டும் பார்த்து எழுதும் அறிக்கையில் அது விடுபட்டுவிடும். மீன்வளத்துக்கான மாக்னுசன்–ஸ்டீவன்ஸ் சட்டத்தின் இன்றியமையா மீன் வாழிடப் பிரிவில் கோஹோவும் அடங்கும். அதற்கான பகுதியைக் கடைசியில் ஒரு பத்தியாக ஒட்டவைக்காமல் முறையாக எழுதுங்கள். பாலத்தில் கூடுதல் தடம் சேர்கிறதா?

புதுவரவு:
ஆம் ஐயா, ஒரு தடம் கூடுகிறது. மழைநீர்க் குழாய் நேராக ஓடைக்குள் இறங்குவதாகவே வரைபடத்தில் இருக்கிறது.

மழைநீர் வடிவமைப்பாளர்:
அப்படியானால் அறிக்கைக்கு முன் வரைபடத்தைத் திருத்தச் சொல்லுங்கள். மணலும் மக்கிய உரமும் கலந்த மண்படுகை வழியே சாலை நீரை வடியவிட்டால் கோஹோ பிழைக்கிறது என்பது சோதனைகளில் தெளிவாகத் தெரிந்த ஒன்று. கரையில் அதற்கு இடம் ஒதுக்க இப்போது ஒரு கோடு வரைந்தால் போதும்; கான்கிரீட் போட்டபின் அந்த இடம் கிடைக்காது.