தாழ்வாரத்து நாற்காலிகள்: உங்கள் வீட்டுக் கதையைச் சொல்லுங்கள்

கும்பகோணத்திலிருந்து:

தாத்தா உட்கார்ந்த ஈசி சேர் இன்னும் எங்கள் வாசல் தாழ்வாரத்தில்தான் கிடக்கிறது. தேக்குச் சட்டம், பச்சைக் கோடு போட்ட கான்வாஸ். பழைய சாமான் எடுக்க வருகிறவருக்கு அதன் மேல் எப்போதும் ஒரு கண். "ரெண்டு பிளாஸ்டிக் சேர் தர்றேன், குடுத்துடுங்கம்மா" என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டார். அம்மா பதில்கூடச் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

அதன் அமைப்பைக் கிட்டே போய்ப் பாருங்கள். துணியின் இரண்டு முனைகளையும் மடித்துத் தைத்து, ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் ஓர் உருட்டுக் கம்பைச் செருகியிருக்கும். நாம் உட்கார்ந்ததும் நம் எடையே அந்தக் கம்புகளைச் சட்டத்தோடு இறுக்கிவிடும். துணிக்கு ஆணி கிடையாது, பசை கிடையாது. பின்பக்கம் வெட்டியிருக்கும் பற்களில் தாங்குகட்டையை மாற்றி வைத்தால் பேப்பர் படிக்க ஒரு சாய்வு, மத்தியானத் தூக்கத்துக்கு ஒரு சாய்வு. துணி நைந்துவிட்டால் கம்பை உருவிவிட்டு, புதுத் துணிக்கு இரண்டு ஓரம் தைத்து வாங்கினால் வேலை முடிந்தது. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. கரையான் லேசில் அண்டாது, சாரலுக்கும் அசையாது.

மாடித் தோட்டத்துக்கென்று ஒரு கடையில் வாங்கிய செயற்கைப் பிரம்பு சோபா, வெயிலில் காய்ந்து இழை இழையாக ஒடிந்துவிட்டது. இரும்புச் சட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இழையை வாங்கிப் பின்னித் தர ஒருவரும் இல்லை, முழுசாகத் தூக்கிப் போட வேண்டியதுதான். பழைய நாற்காலிகளை நான் விரும்புவது பழமைக்காக இல்லை. தேய்கிற பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்ற ஒரே காரணம் எனக்குப் போதும்.

டொராண்டோவிலிருந்து (பிறந்தது யாழ்ப்பாணம்):

எங்கட வீட்டு விறாந்தையில இருந்தது சாய்மனைக் கதிரை. அம்மப்பா பின்னேரம் தோட்டத்தால வந்து, அதன்ர நீளக் கையை முன்னுக்கு இழுத்துவிட்டு, ரெண்டு காலையும் தூக்கி அதில போட்டாரெண்டால், பிறகு ஆரும் அவரைக் கூப்பிடக்கூடாது. பிரம்புப் பின்னலுக்குக் கீழால காத்து வரும், முதுகு வேர்க்காது. தோட்டத்துரைமாரின்ர பங்களாக்களில இருந்த கதிரை எண்டு சொல்லுவினம். எங்கட தச்சர்மார் அதை முதிரை மரத்தில செய்து ஊர்ச் சாமானாக்கிப் போட்டினம்.

இஞ்ச ஏரிக்கரையில அதுக்கு உறவுக்காரன் மாதிரி ஒரு கதிரையைக் கண்டன். கனடாவில மஸ்கோகா கதிரை, அமெரிக்காவில அடிரொண்டாக் கதிரை. 1903 இல நியூயோர்க் மாநிலத்தில, சாம்ப்ளெயின் ஏரிக்கரையில இருக்கிற வெஸ்ட்போர்ட்டில, தொமஸ் லீ எண்டவர் தன்ர கோடை வீட்டுக்காகச் செய்தது. செய்யச் செய்ய வீட்டாக்களை அதில இருத்திப் பார்த்துத்தான் எந்தச் சாய்வு சுகம் எண்டு முடிவெடுத்தவராம். 11 பலகைத் துண்டு, அவ்வளவுதான். ஆனால் 1905 இல காப்புரிமை எடுத்தது அவரில்லை, அவரின்ர சிநேகிதர், ஹரி பன்னெல் எண்ட தச்சர். லீயிட்டக் கேளாமலே எடுத்தவர் எண்டுதான் கதை. எனக்கு அதைக் கேட்டால் இண்டைக்கும் கோவம் வரும்.

இருந்து பார்த்தாத் தெரியும்: இருக்கை தாழ்வு, முதுகு நல்லாச் சரிவு, கை அகலம். தேத்தண்ணிக் கோப்பையைப் பயமில்லாமல் கையில வைக்கலாம். பலகை ஒண்டு உக்கினால் அதை மட்டும் கழட்டி வேற போடலாம். கும்பகோணத்தார் சொன்ன அதே விசயம்.

சிதம்பரத்திலிருந்து:

இவ்வளவு பேசியும் தைக்கால் என்கிற ஊரின் பெயரை யாரும் சொல்லவில்லையே! கொள்ளிடம் பாலம் தாண்டி சீர்காழி போகிற வழியில் சாலையோரம் முழுக்கப் பிரம்புக் கடைகள்தான். நாற்காலி, ஊஞ்சல், தொட்டில் எல்லாம் கிடைக்கும். பிரம்பைத் தீயில் வாட்டி, சூடு ஆறுவதற்குள் வளைத்து, மூட்டுகளில் பட்டை (பிரம்பின் மேல்தோலைச் சீவி எடுத்த நாடா) சுற்றி இறுக்குவார்கள். நின்று வேடிக்கை பார்த்தால் நேரம் போவதே தெரியாது.

இருக்கைப் பின்னல் தனிக் கலை. பட்டையை முதலில் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். நெடுக்கில், குறுக்கில், பிறகு இரண்டு மூலைவாட்டில் என்று இழுத்துப் பின்ன, எண்கோணக் கண்கள் விழும். உலரும்போது அது தானே இறுகிக்கொள்ளும். பார்வையற்றவர்கள் பலர் இதில் பெரிய கைகாரர்கள். அரசு அலுவலக நாற்காலிகளுக்குப் பின்னல் போட அவர்களைப் பணியில் அமர்த்திய காலம் உண்டு. விரல் நுனியாலேயே கண் தப்பாமல் பின்னுவார்கள். அந்த வேலைக்கு நாம் கொடுத்த மரியாதை போதாது என்பது என் ஆதங்கம்.

பின்னல் தொய்ந்திருக்கிறதே என்று உடனே பிரித்துவிடாதீர்கள். இழை அறுந்திருக்காவிட்டால், நாற்காலியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை ஈரத் துணியால் நன்றாக நனைத்து, நிழலில் காயவிடுங்கள். பெரும்பாலும் மறுபடி விறைப்பாகிவிடும்.

டொராண்டோக்காரரே, உங்கள் அம்மப்பா கதிரை இன்னும் இருக்கிறதா?

டொராண்டோவிலிருந்து:

மாமி வீட்டில கிடக்கு. சட்டம் உறுதி, பின்னல் முழுக்கப் போச்சு. மார்கழியில ஊருக்குப் போறன். பட்டை வாங்க என்ன அளவு எடுக்கவேணும்?

சிதம்பரத்திலிருந்து:

சட்டத்தில் இருக்கும் துளையின் அகலத்தையும், துளைக்குத் துளை உள்ள இடைவெளியையும் மில்லிமீட்டரில் அளந்து எழுதச் சொல்லுங்கள். பட்டையின் அகலத்தை அதை வைத்துத்தான் சொல்ல முடியும். அடைத்துக் கிடக்கும் பழைய பட்டைத் துண்டுகளை ஆணியால் தட்டி எடுக்கும்போது துளையின் ஓரம் சிதையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.