எச்.டி.எஃப். பலகை பினாங்கில் எங்கே கிடைக்கும்? அவசரம்

புதிய உளி:
வணக்கம். மரநாரை மிகக் கெட்டியாக அழுத்திச் செய்யும் எச்.டி.எஃப். பலகை வேண்டும். தீவில் கேட்ட கடைகளில் எல்லாம் அதைவிட அடர்த்தி குறைந்த எம்.டி.எஃப்.தான் இருக்கிறது. “இரண்டும் ஒன்றுதான், எடுத்துக்கொள்” என்கிறார்கள். தீபாவளிக்குள் வேலை முடிய வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

பிறைத் தச்சன்:
எத்தனை மில்லிமீட்டர் தம்பி? எத்தனை பலகை? என்ன செய்யப்போகிறீர்கள்? இது தெரியாமல் எந்தக் கடையைச் சொல்வது?

ஜெலுத்தோங்வாசி:
தீவில் அலைய வேண்டாம். பாலம் தாண்டி பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் போய், தளபாடப் பட்டறைகளுக்குச் சரக்குப் போடும் மொத்தக் கடைகளில் கேளுங்கள். முழுப் பலகை 4க்கு 8 அடி, காரில் ஏறாது. அளவு கொடுத்தால் அங்கேயே அறுத்துத் தருவார்கள்.

கெப்போங் பட்டறை:
கோலாலம்பூரிலும் இதே கதைதான். 3, 6 மி.மீ. தேடினால் கிடைக்கும். 12, 18 மி.மீ. எச்.டி.எஃப். சில்லறையில் கிடைப்பது அரிது. அந்தத் தடிமன் பெரும்பாலும் தரைப்பலகை செய்கிறவர்களுக்கு நேரே போய்விடுகிறது. தடிமன் சொல்லுங்கள்.

மூத்த ரம்பம்:
இந்தக் கேள்வி இங்கே ஆண்டுதோறும் வருகிறது. பழைய இழைகளைப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. பெயரைக் கேட்டு வாங்குகிறவருக்குப் பெயர்தான் கிடைக்கும். தராசை எடுத்துக்கொண்டு போங்கள். கன மீட்டருக்கு 800 கிலோவும் அதற்கு மேலும் இருந்தால்தான் எச்.டி.எஃப். 4க்கு 8 அடி, 6 மி.மீ. பலகை என்றால் குறைந்தது 14 கிலோவுக்கு மேல் நிற்க வேண்டும். 13 கிலோதான் என்றால் அது சாதாரண எம்.டி.எஃப்., கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி.

கெப்போங் பட்டறை:
ஐயா சொல்லும் கணக்கு சரி. ஆனால் மெல்லிய பலகைகளில் அது முழுக்கதை இல்லை. 3 மி.மீ. எம்.டி.எஃப். என்று விற்பதே பல நேரம் 800ஐத் தாண்டும். பெயர் வேறாக இருந்தாலும் அதை ஒதுக்க வேண்டாம்.

புதிய உளி:
மன்னிக்கவும், வேலையிலிருந்து எழுதினேன். 12 மி.மீ. வேண்டும். சாமி மேடைக்கு இரண்டு கதவுகள், துளை வேலைப்பாடு. நண்பரின் சி.என்.சி. ரௌட்டரில் (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்) வெட்டுகிறோம். எம்.டி.எஃப்.-இல் கொடியும் இலையும் சேரும் குறுகலான இடங்களில் நார் எழுந்து உடைகிறது.

பிறைத் தச்சன்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி பேச்சு மிச்சம். எம்.டி.எஃப்.-இன் இரு முகங்களும் கெட்டி, நடுப்பகுதி இளசு. சூட்டோடு அழுத்தும்போது வெளிப்பரப்புதான் முதலில் இறுகுகிறது. நீங்கள் வெட்டும் அந்தக் குறுகலான இணைப்போ அந்த இளகிய நடுவை நம்பி நிற்கிறது. ஆகவே 6 மி.மீ. எச்.டி.எஃப். இரண்டை வெள்ளைப் பசையால் ஒட்டி 12 ஆக்குங்கள். கெட்டியான முகங்கள் நடுவிலும் வந்துவிடும். பசையை ரோலரால் ஒரே சீராகத் தடவி, சமதளத்தில் பாரம் ஏற்றி ஓர் இரவு விடுங்கள்.

ஜெலுத்தோங்வாசி:
வீட்டுத் தரைக்குப் போட்டு மிஞ்சிய 12 மி.மீ. லேமினேட் பலகை கிடைத்தால்? அதன் உடல் எச்.டி.எஃப்.தானே.

பிறைத் தச்சன்:
உடல் சரிதான். மேல்முகத்தில் தேய்மானம் தாங்க அலுமினியம் ஆக்சைடு கலந்திருக்கிறார்கள். ரௌட்டர் அலகு மழுங்கிவிடும். அகலமும் போதாது.

தேக்கு மனம்:
எல்லோரும் பலகையைப் பற்றியே பேசுகிறீர்கள். சாமி மேடைக்கு அழுத்திய நார்ப்பலகையா? நியாத்தோ மரம் இருக்கிறது, முடிந்தால் தேக்கு இருக்கிறது. தலைமுறைக்கு நிற்கும். விளக்கு ஏற்றும் இடத்தில் ஃபார்மால்டிஹைடு பசை நாற்றம் எதற்கு?

கெப்போங் பட்டறை:
அடுக்குமாடி வீட்டில் கடன் கட்டிக்கொண்டு வாழ்கிறவர்களிடம் தேக்கைப் பேசுவது நியாயமில்லை. இங்கே செய்யும் நார்ப்பலகை பெரும்பாலும் ரப்பர் மரம். பால் வற்றி வெட்டிய மரத்திலிருந்து வருகிறது. நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய மரத்தில் சாமி மேடை செய்வதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பசையிலிருந்து வரும் வாயுவுக்குப் பயந்தால், அது குறைவு என்று காட்டும் இ1 அல்லது இ0 முத்திரை கேட்டு வாங்குங்கள்.

தேக்கு மனம்:
முத்திரை இருந்தாலும் வாயு முழுதாகப் போவதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. சின்ன அறையில் இதை யோசிக்க வேண்டும்.

மூத்த ரம்பம்:
வாயு வேண்டாம் என்றால் பழைய ஹார்ட்போர்டு வாங்குங்கள். 1924இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் வில்லியம் மேசன் கண்டுபிடித்த முறை. ஈர நாரை அழுத்தும்போது மரத்திலேயே உள்ள லிக்னின் என்ற இயற்கைப் பிணைப்புப் பொருளே பிடித்துக்கொள்ளும், பசை மிகக் குறைவு. பின்பக்கம் வலைத்தடம் தெரிந்தால் அது பெரும்பாலும் ஹார்ட்போர்டு. எச்.டி.எஃப். உலர்ந்த நாரில் பிசின் கலந்து செய்வது. இந்த வேறுபாடு தெரியாமல் பலகை வாங்கவே கூடாது.

பிறைத் தச்சன்:
ஐயா, தம்பிக்குக் கதவுதான் வேண்டும், பாடம் இல்லை. தம்பி, எதை வெட்டினாலும் முகக்கவசம் போடுங்கள், இந்தத் தூள் மிக நுண்ணியது. வெட்டிய ஓரங்கள் பெயிண்டைக் குடிக்கும். ஓரத்தை அடைக்கும் சீலரை இரண்டு முறை பூசி, இடையில் தேய்த்து, பிறகு நிறம் கொடுங்கள். விளக்கின் சூடு கதவில் நேரே படாதபடி மேடையின் ஆழத்தைக் கூட்டுங்கள்.

புதிய உளி:
புக்கிட் மெர்தாஜாமில் 6 மி.மீ. கிடைத்தது. தராசில் 15 கிலோவைத் தாண்டியது. ஒட்டி வைத்திருக்கிறோம். எல்லோருக்கும் நன்றி.

ஜெலுத்தோங்வாசி:
எந்தக் கடை? எனக்கும் ஒலிபெருக்கிப் பெட்டி செய்ய நான்கு பலகை வேண்டும்.

கெப்போங் பட்டறை:
ஒலிபெருக்கிக்கு எத்தனை மில்லிமீட்டர்?