வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் நடத்தும் கோடைப் பள்ளிக்குப் போன இடத்தில் இன்னும் மனசை விட்டுப் போகாத ஒன்று, சொல்லுங்க

பென்னாகரத்தான்:
பின்லாந்து, யுவாஸ்கிலா பல்கலைக்கழகக் கோடைப் பள்ளி, ஆகஸ்ட். வகுப்பு நன்றாகவே போனது, அதை விடுங்கள். ஒரு மாலை ஏரிக்கரை சவுனாவுக்கு, அதாவது சூடான அறையில் உட்கார்ந்து வியர்க்கும் ஆவிக் குளியலுக்கு, கூட்டிப் போனார்கள். 80 டிகிரி சூடு. பலகையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறோம், யாரும் பேசவில்லை. பக்கத்துப் பெரியவர் என் கையில் கரண்டியைக் கொடுத்து அடுப்புக் கல்லைக் காட்டினார். தண்ணீரை ஊற்றினேன். சுர்ரென்று எழுந்த ஆவி முதலில் காது மடலைத்தான் பிடித்தது. "லோய்லு" என்று சிரித்தார். அந்த ஆவிக்கு அதுதான் பெயராம். அப்புறம் ஓடிப்போய் ஏரியில் குதித்தோம். இரவு ஒன்பது மணி, வெளிச்சம் போகவே இல்லை.

தலை துவட்டும்போது கேட்டார், உங்கள் ஊரில் இப்படி எல்லோரும் சேர்ந்து குளிக்கிற வழக்கம் உண்டா என்று. அன்றைக்கு ஆடிப் பதினெட்டு! ஒகேனக்கல்லில் முழுகிவிட்டு வந்து காலையில்தான் அம்மா போன் செய்திருந்தாங்க. நான் "பெரிதாக ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டேன். இன்னும் அறுக்கிறது.

மத்தூர்க்காரி:
தம்பி, இங்கிலீஷ் கூச்சமாக இருந்திருக்கும். ஆனால் ஒகேனக்கல்லையும் சவுனாவையும் ஒன்றாக்காதீங்க. நம் ஊரில் ஆடிப்பெருக்கு சாமி காரியம், அங்கே அது வாராவாரம் குளியல்.
நான் போனது நெதர்லாந்து, உட்ரெக்ட். தங்கிய வீட்டு அக்காவுக்குப் பிறந்தநாள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் அவங்களுக்கு, அவங்க அம்மாவுக்கு, வீட்டுக்காரருக்கு என்று ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து வாழ்த்தினார்கள். கடைசியில் எனக்கும்! எனக்கு எதற்கு என்றேன். "நீயும் இந்த வீட்டில்தானே இருக்கிறாய்" என்று பாட்டி என் கையை விடவே இல்லை.

காவேரிப்பட்டணம் மாமா:
விசாவைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! இதைப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். இரண்டு நாட்டுக்கும் ஷெங்கன் விசாதான், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான குறுகிய கால விசா. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாள் வரை தள்ளிப்போடாதீர்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. ஜூன், ஜூலையில் கூட்டம் அதிகம், அதனால் சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே விசா விண்ணப்பம் கொடுக்க நேரம் வாங்கிவிடுங்கள்.
என் கதை சின்னது. ஜெர்மனி, ஞாயிற்றுக்கிழமை, கடையெல்லாம் மூடல். பக்கத்து அறைப் பையன் பாதி ரொட்டி கொடுத்தான். கறுப்பு ரொட்டி, களி மாதிரியே கனம்.

பென்னாகரத்தான்:
அக்கா, இங்கிலீஷ் காரணம் இல்லை. அந்த ஏரியில் கால் வைத்தால் அடியில் கல் தெரிந்தது. அவர் கேட்டதும் எனக்கு நம் கரையில் கிடக்கிற ஷாம்பு பாக்கெட்டுதான் ஞாபகம் வந்தது.