பின்னூட்டம் 4.6, வகுப்பறையில் மாற்றம் இல்லை: பயிலரங்கில் எங்கே பிழை?

கேள்வி (ஒருங்கிணைப்பாளர்):

வணக்கம். கல்லூரி ஆசிரியர்கள் 38 பேருக்கு நான்கு நாள் தொழில்நுட்பப் பயிலரங்கு ஒன்றை ஒருங்கிணைத்தேன். மூடில் என்னும் இணையவழிக் கற்பித்தல் தளத்தில் பாடப்பக்கம் அமைத்தல், இணையவழி வினாத்தேர்வு, காணொளிப் பாடப் பதிவு ஆகியவை கற்பிக்கப்பட்டன. கடைசி நாள் பிற்பகலில் 29 பேர் பின்னூட்டப் படிவம் நிரப்பித் தந்தார்கள். ஐந்துக்குச் சராசரி 4.6.

மூன்று மாதம் கழித்துத் தளத்தைப் பார்த்தபோது, 26 பேர் மட்டுமே பாடப்பக்கம் திறந்திருந்தார்கள். அவற்றிலும் 21 பக்கங்களில் பிடிஎஃப் குறிப்புகளைத் தவிர வேறொன்றும் இல்லை. இன்னொரு குழப்பமும் உண்டு. "இணையவழி வினாத்தேர்வு அமைக்க எனக்குத் தெரியும்" என்ற கூற்றுக்கு ஆசிரியர்கள் தமக்குத் தாமே இட்ட மதிப்பெண், பயிலரங்குக்கு முன் 3.8 ஆக இருந்து பின்னர் 3.4 ஆகக் குறைந்துவிட்டது. பயிற்சி பெற்றபின் திறன் குறையுமா? அடுத்த அணிக்கு இரண்டு மாதமே இருப்பதால், எதை மாற்ற வேண்டும் என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 (மதிப்பீட்டுப் பணியில் இருப்பவர்):

ஐயா, இரண்டாவது குழப்பத்திலிருந்து தொடங்குகிறேன். திறன் குறையவில்லை, அளக்கும் கோல்தான் மாறிவிட்டது. வினாத்தேர்வு என்றால் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வது மட்டுமே என்று எண்ணியிருந்தவர், வினா வங்கி, கால வரம்பு, ஒவ்வொரு விடைக்கும் தனி விளக்கம் என்றெல்லாம் இருப்பதைக் கண்டபின், தமக்குத் தெரிந்தது எவ்வளவு சொற்பம் என்று உணர்ந்து மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்கிறார். ஹோவர்டு என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1979இலேயே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். பயிற்சி முடிந்த பிறகு ஒரே படிவத்தில், "அப்போது எனக்கு எவ்வளவு தெரிந்திருந்தது", "இப்போது எவ்வளவு தெரியும்" என இரண்டு பத்திகள் வைப்பது ஒரு வழி. ஆனால் பயிற்றுநரின் முகத்துக்காக உயர்த்திப் போடும் பழக்கம் அதிலும் தொடரும் என்பதால், அதை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

4.6 பற்றி: பயிற்சிகளை மதிப்பிடக் கிர்க்பாட்ரிக் என்பவர் 1959இல் எழுதத் தொடங்கிய நான்கு நிலைகளில் அது முதல் நிலையான மனநிறைவை மட்டுமே காட்டுகிறது. கற்றது என்ன, பணியில் செய்தது என்ன, அதனால் விளைந்தது என்ன என்பவை மீதி மூன்று நிலைகள். கற்றதை அறிய, நாற்பது நிமிடத்தில் தம் பாடத்திலிருந்தே பத்து வினாக் கொண்ட தேர்வொன்றை அமைத்து, மாணவர் பார்வைக்கு மாறி அதை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் படிவம் முழுவதையும்விட அந்த ஒரு பணி அதிகம் சொல்லும்.

ஒன்று கேட்க வேண்டும். பயிலரங்கில் அவர்கள் எந்தத் தளத்தில் பயின்றார்கள்?

ஒருங்கிணைப்பாளர்:

பயிற்சிக்கென்று தற்காலிகமாக அமைத்த தளத்தில். பயிலரங்கு முடிந்த வாரத்தில் அதை நீக்கிவிட்டோம்.

மறுமொழி 2 (இத்தகைய பயிலரங்குகளில் பங்கேற்ற வேதியியல் ஆசிரியை):

அங்கேதான் பாதிப் பிழை இருக்கிறது, ஐயா. நான்கு நாள் உழைத்து உருவாக்கியது ஒரு வாரத்தில் மறைந்துவிட்டால், வீடு திரும்பிய ஆசிரியர் வெற்றுப் பக்கத்தின் முன் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாடப்பக்கத்தைக் காப்புக்கோப்பாக எடுத்து வேறொரு மூடில் தளத்தில் மீட்டுக்கொள்ளலாம் என்பதை எங்களுக்கும் ஒருவரும் சொல்லவில்லை.

எங்கள் பயிற்றுநர் பொது அறிவு வினாக்களைக் கொண்டே செயல்விளக்கம் காட்டினார். எனக்கு வேண்டியிருந்ததோ சமன்பாடுகளை உள்ளிடும் வழி. அதோடு, மாணவர் ஒருவர் விடையளித்துவிட்டால் அத்தேர்வில் வினாவைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது என்பது நேரடித் தேர்வின்போதுதான் தெரியவந்தது. அன்று பட்ட அவமானத்தால் ஓராண்டு வினாத்தேர்வுப் பக்கமே போகவில்லை. இத்தகைய தடுமாற்றங்களைப் பயிலரங்கிலேயே வேண்டுமென்று நிகழ்த்திக் காட்டுவது, அழகாக ஓடும் செயல்விளக்கத்தைவிடப் பயன் தரும்.

மறுமொழி 3 (கல்வியியல் ஆசிரியர்):

சற்று மாறுபடுகிறேன். வினாத்தேர்வுகளின் எண்ணிக்கையை வெற்றியின் அளவாகக் கொள்வது சரியா? வகுப்பில் கலந்துரையாடலை நம்பி நடத்தும் ஒருவருக்குக் குறிப்புகளை முன்கூட்டியே தருவது போதுமானதாக இருக்கலாம். கல்வி ஆய்வாளர்களான மிஷ்ராவும் கோலரும் 2006இல் வலியுறுத்தியது இதைத்தான்: தொழில்நுட்ப அறிவு, கற்பித்தல் அறிவு, பாட அறிவு மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் பயன் பிறக்கிறது. எனவே பதிவுப் படிவத்திலேயே, "உங்கள் வகுப்பில் எந்த இடம் ஆண்டுதோறும் சிக்குகிறது?" என்று கேட்டு, அந்த விடையைச் சுற்றிப் பயிற்சியை அமையுங்கள், பிறகு, அந்தச் சிக்கல் தளர்ந்ததா என்று அளந்து பாருங்கள். நான்கு நாள்களைத் தொடர்ந்து வைக்காமல், இரண்டு நாள் முடிந்ததும் சில வாரங்கள் வகுப்பில் செய்துபார்க்க விட்டு, எஞ்சிய இரண்டு நாள்களில் அவர்கள் கொண்டுவரும் இடர்ப்பாடுகளைப் பேசலாம்.

ஒருங்கிணைப்பாளர்:

மிக்க நன்றி. வெறும் பிடிஎஃப் மட்டும் இருந்த பக்கங்களுக்கு உரியவர்களில் பதினொருவரிடம் தொலைபேசியில் பேசினேன். ஏழு பேர் சொன்ன காரணம் நான் எதிர்பாராதது: அவர்களுடைய பாடப்பக்கத்தில் மாணவர்கள் சேர்க்கப்படவே இல்லை. தள நிர்வாகியிடம் பட்டியல் கொடுத்துவிட்டு இன்னும் காத்திருக்கிறார்கள். பயிற்சியைக் குறைசொல்லிப் பயனில்லை போலிருக்கிறது.

மறுமொழி 1:

பயிற்சியைக் குறைசொல்வதைவிட, அதன் எல்லையைக் குறுகலாக வரைந்துவிட்டீர்கள் என்பேன். கஸ்கி என்பவர் ஆசிரியர் பயிற்சிக்கு வகுத்த ஐந்து நிலைகளில் நிறுவனத்தின் ஆதரவு தனியொரு நிலையாகவே வருவது இதனால்தான். அடுத்த அணிக்கு முதல் நாளுக்கு முன்பே மாணவர் பட்டியலுடன் உண்மையான பாடப்பக்கங்கள் தயாராக இருக்கட்டும். தள நிர்வாகியையும் ஒரு நாளாவது அரங்கில் அமர்த்துங்கள்.

அறிக்கையில் 4.6ஐ நீக்க வேண்டாம்; 38 பேரில் 29 பேர் தந்தது என்று சேர்த்து எழுதுங்கள். மீதி ஒன்பது பேர் கடைசிப் பிற்பகலுக்கு முன்பே கிளம்பிவிட்டவர்கள் என்றால், வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்கும். அடுத்த தொலைபேசி அழைப்பு அவர்களுக்கு.