குடும்பக் குழு: பெரியப்பாவுக்கு வந்த நோட்டீஸ்

பெரியப்பா: மாடியில குடியிருக்கறவர் வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கார். படிக்கட்டு கைப்பிடி பிடுங்கிட்டு வந்து விழுந்தாராம். நஷ்டஈடு கேக்கறார்.

பெரியம்மா: கால் எலும்பு முறிஞ்சிருக்கு. அதை முதல்ல சொல்லுங்க.

பெரியப்பா: மூணு வீட்டையும் நாளைக்கே உன் பேருக்கு மாத்திடறேன். என் பேர்ல ஒண்ணுமே இல்லேன்னா என்னத்தைப் பிடுங்குவார்?

வக்கீல் அண்ணி: மாமா, அது மட்டும் வேண்டாம். நோட்டீஸ் வந்தப்புறம் எழுதிக் கொடுத்தா, ஏமாத்தறதுக்காக மாத்தினதுன்னு கோர்ட் அந்தப் பத்திரத்தையே தள்ளிடலாம். இங்கிலாந்துல 1571லயே இதுக்குச் சட்டம் போட்டாச்சு. 1601ல ட்வைன் வழக்கு. கடன்ல மாட்டின ஒருத்தர் எல்லாத்தையும் ரகசியமா ட்வைனுக்கு எழுதிக் கொடுத்துட்டார். ஆனா ஆட்டுக்கு ரோமம் கத்தரிச்சது, அடையாளம் குத்தினது எல்லாம் எழுதிக் கொடுத்தவரேதான். அதுலதான் குட்டு உடைஞ்சது.

நான்: பெரியம்மா பேருக்கு மாத்திட்டு வாடகையைப் பெரியப்பா வாங்கற மாதிரி 😄

பெரியப்பா: சரி, கம்பெனி ஆரம்பிச்சு அதுல போட்டுடறேன். கம்பெனி தனி ஆள்னு சொல்றாங்களே.

வக்கீல் அண்ணி: தனி ஆள்தான். 1897ல சாலமன் வழக்குலயே தீர்ப்பாச்சு. ஆனா நடந்து முடிஞ்ச விபத்துக்கு அது உதவாது. இனிமேலுக்குன்னாலும் தனி பேங்க் கணக்கு வேணும். வாடகைப் பணத்துல கார் தவணை கட்டினா, கம்பெனிங்கற போர்வையைக் கோர்ட் விலக்கிப் பாக்கும். உங்க சொந்தக் கவனக்குறைவுன்னா கம்பெனி இருந்தாலும் உங்க மேலயே வரும். இன்சூரன்ஸ் இருக்கா?

பெரியப்பா: தீ, வெள்ளத்துக்கு இருக்கு.

வக்கீல் அண்ணி: வேற ஆளுக்கு அடிபட்டா கவர் இருக்கான்னு பாலிசியைப் பாருங்க. வாடகைக்கு விட்டதைச் சொல்லியிருக்கீங்களா? கவர் இருந்தா விபத்தை இன்னைக்கே இன்சூரன்ஸ்காரங்களுக்கு எழுதித் தெரிவிங்க, லேட்டானா அதையே சாக்கா வச்சுக் கையை விரிப்பாங்க. நிறைய பாலிசில வக்கீல் செலவும் அவங்களோடது. ஆமா, கைப்பிடி ஆடுதுன்னு அவர் முன்னாடியே சொன்னாரா?

பெரியப்பா: ரெண்டு மாசம் முன்னாடி வீடியோ அனுப்பினார். நான் 👍 போட்டேன்.

வக்கீல் அண்ணி: அந்தக் கட்டை விரல்தான் மாமா கேஸே. எனக்குத் தெரியாதுன்னு இனி சொல்ல முடியாது.

தம்பி: அழிச்சுடுங்க பெரியப்பா!

வக்கீல் அண்ணி: தொடவே கூடாது. அவர் போன்லயும் இருக்கும். நீங்க அழிச்சது உங்களுக்கே எதிரா நிக்கும். இந்தக் குழுல எழுதறதும் நாளைக்குக் கோர்ட்டுக்கு வரலாம், மீதியை போன்ல பேசறேன். கைப்பிடியை ரிப்பேர் பண்ணுங்க, அதுக்கு முன்னாடி நாலு பக்கமும் போட்டோ எடுங்க. உடைஞ்ச துண்டைத் தூக்கிப் போடாதீங்க.

பெரியம்மா: நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாக்கலாமாம்மா?

வக்கீல் அண்ணி: தாராளமா போங்க அத்தை. எங்க தப்புதான், பணம் தந்துடறோம்னு மட்டும் வாய் விட்டுடாதீங்க.

பெரியப்பா: 🚫 இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது

வக்கீல் அண்ணி: மாமா!!!

பெரியப்பா: கைப்பிடி போட்டோதாம்மா. தலைகீழா போயிடுச்சு.